தோட்ட ஆபிசில் பிரிண்ட் ஆடிட் சர்வர்: பதிவையே யாராவது அழித்துவிட்டால்?

செம்பனைக்கிராணி | திங்கள், காலை 8.40

வணக்கம். மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்ட ஆபிஸ். 14 கம்ப்யூட்டர், மூன்று மல்டிஃபங்க்ஷன் பிரிண்டர், அதில் ஒன்று ஏ3. சம்பளச் சிட்டைக்கும் வேபிரிட்ஜ் (லாரி எடை மேடை) டிக்கெட்டுக்கும் இரண்டு டாட் மேட்ரிக்ஸ். சர்வர் ஒன்றே ஒன்று, விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. டொமைன் கன்ட்ரோலர் (எல்லார் லாகினையும் சரிபார்ப்பது), ஃபைல் ஷேர், பிரிண்ட் கியூ (அச்சு வேலைகளின் வரிசை) எல்லாம் அதன் தலையில்தான்.

யார், எப்போது, எந்த மிஷினில், எத்தனை பக்கம் அச்சிட்டார் என்ற பதிவு வேண்டும் என்று ஹெட் ஆபிஸ் கேட்கிறது. பதிவை யாரும் திருத்தவும் கூடாதாம். இங்கே அச்சாவது செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு), ஈபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) படிவங்கள், வெளிநாட்டுத் தொழிலாளர்களின் பாஸ்போர்ட் நகல், பெர்மிட் புதுப்பிக்கும் தாள்கள்.

தெரிய வேண்டியது இவ்வளவுதான். விண்டோசில் உள்ளதை வைத்தே முடியுமா, மென்பொருள் வாங்கணுமா? பதிவை எங்கே வைப்பது? ரிப்பேர் பார்க்க வரும் வெண்டருக்கு எந்த அளவுக்கு உரிமை கொடுப்பது?

ஈப்போநெட் | திங்கள், காலை 9.25

தம்பி, பதிவைப் பற்றிப் பிறகு பேசலாம். அந்த சர்வரைத் தொடாமல் போகிற தாள் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். ஆடிட் சர்வர் தன் வழியாகப் போனதைத்தான் எழுதும். ஒரு கண்டக்டர் (தோட்ட வெளிவேலை மேற்பார்வையாளர்) தன் லேப்டாப்பில் பிரிண்டரின் ஐபி முகவரியை நேராகப் போட்டு அச்சடித்தால் சர்வருக்கு அது தெரியவே தெரியாது.

மல்டிஃபங்க்ஷன் மிஷின் ஒன்றுக்குள் நுழைய இத்தனை வாசல் உண்டு: போர்ட் 9100 வழியாக ரா பிரிண்டிங், 515இல் எல்பிடி, 631இல் ஐபிபி, விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்துச் சேர்க்கும் டபிள்யூஎஸ்டி, போன் மூலம் ஏர்பிரிண்ட், வைஃபை டைரக்ட், முன்பக்கத்து யுஎஸ்பி துளையில் செருகும் பென்டிரைவ், கடைசியாக யுஎஸ்பி கேபிள். சர்வருக்கு வேண்டியது 9100 மட்டும். மற்றதையெல்லாம் மிஷினின் வெப் பக்கத்தில் போய் நிறுத்துங்கள். டெல்நெட், எஃப்டிபி இருந்தால் அதையும். அட்மின் கடவுச்சொல் மிஷினோடு வந்ததாகவே இருக்கும், மாற்றிவிடுங்கள். எஸ்என்எம்பியில் (மிஷினின் நிலையை நெட்வொர்க் வழியாகக் கேட்கும் முறை) 'பப்ளிக்' என்ற பெயரையும் விட்டு வைக்காதீர்கள். பதிப்பு 3 உள்ள மிஷின் என்றால் அதைப் போடுங்கள்.

அடுத்தது நெட்வொர்க், அதை விலேன் என்ற தனித்தனிப் பகுதிகளாகப் பிரியுங்கள். கம்ப்யூட்டர்களுக்கு விலேன் 10, பிரிண்டர்களுக்கு 20, சர்வர்களுக்கு 30. பத்திலிருந்து இருபதுக்கு எதுவும் போகக் கூடாது. முப்பதிலிருந்து இருபதுக்கு அச்சுக்கு டிசிபி 9100, எஸ்என்எம்பிக்கு யுடிபி 161. பிரிண்டர் பக்கமிருந்து வெளியே போக வேண்டியது டிஎன்எஸ் 53, நேரத்துக்கு 123, ஸ்கேன் செய்ததை ஃபோல்டரில் போட ஃபைல் சர்வருக்கு 445. இன்டர்நெட் வேண்டவே வேண்டாம். மலிவு ஸ்மார்ட் சுவிட்சில் விலேன் பிரிக்கலாம், ஆனால் இடையில் தடுக்கும் விதி ரவுட்டரிலோ ஃபயர்வாலிலோதான் எழுத வேண்டியிருக்கும். அந்த வசதியும் இல்லை என்றால் பிரிண்டரிலேயே ஐபி ஃபில்டர் இருக்கும், அதில் சர்வரின் முகவரியை மட்டும் அனுமதியுங்கள். உங்கள் சொந்தக் கம்ப்யூட்டரின் முகவரியையும் முதலில் சேர்த்துவிட்டு 'அப்ளை' அமுக்குங்கள். இல்லையென்றால் வெப் பக்கம் உங்களுக்கே மூடிக்கொள்ளும், ரீசெட் அடித்து எல்லாவற்றையும் புதிதாகப் போட வேண்டிவரும்.

செம்பனைக்கிராணி | திங்கள், காலை 10.05

நன்றி அண்ணே. வேபிரிட்ஜ் பிரிண்டர் அந்தக் கம்ப்யூட்டரிலேயே நேராகச் செருகியது, நெட்வொர்க்கில் இல்லை. ஆபிசிலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர். அதையும் இழுத்துக்கொண்டு வரணுமா?

ஈப்போநெட் | திங்கள், காலை 10.30

வேண்டாம். டிக்கெட்டுக்கு வரிசை எண் இருக்கிறது, வேபிரிட்ஜ் மென்பொருளிலேயே மறுஅச்சுப் பதிவும் இருக்கும். அதுவே நல்ல தணிக்கை. அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வேறு எதையும் அச்சிட முடியாதபடி கியூவின் உரிமையை வேபிரிட்ஜ் பயனருக்கு மட்டும் கொடுத்தால் போதும்.

கேபிள் பற்றி ஒன்று. செம்பு வயர் 100 மீட்டருக்கு மேல் போகாது, நடுவில் சுவிட்ச் வைத்து இழுத்தாலும் நம்ம ஊர் இடிக்கு அது தாங்காது. வெளியே போகும் பகுதி ஃபைபராக இருக்கட்டும். சர்வரையும் சுவிட்சையும் யுபிஎஸ்சில் போடுங்கள். லேசர் பிரிண்டரை மட்டும் அதில் போடாதீர்கள், ஃபியூசர் சூடேறும்போது இழுக்கும் மின்சாரத்தில் யுபிஎஸ் மூச்சுத் திணறி எல்லாவற்றையும் சேர்த்து அணைத்துவிடும்.

கிள்ளான்_ஸ்பூல் | திங்கள், மதியம் 12.50

விண்டோசிலேயே முடியும், ஆனால் இப்போதுள்ள பெட்டியில் வேண்டாம். 2012 ஆர்2வுக்கு ஆதரவு 10 அக்டோபர் 2023இல் முடிந்துவிட்டது. காசு கட்டி வாங்கும் கூடுதல் அப்டேட்டும் 2026 அக்டோபர் வரைதான். அதைவிடப் பெரிய தப்பு, டொமைன் கன்ட்ரோலரில் பிரிண்ட் ஸ்பூலர் (அச்சு வேலைகளை வாங்கி மிஷினுக்கு அனுப்பும் சேவை) ஓடுவது. 2021 ஜூலையில் வந்த பிரிண்ட்நைட்மேர் ஓட்டை, அதாவது சிவிஇ-2021-34527, சாதாரணப் பயனர் ஒருவர் ஸ்பூலர் வழியாக சர்வரில் முழு உரிமையோடு எதையும் ஓட்டலாம் என்று காட்டியது. ஸ்பூலர் ஓடுவது கன்ட்ரோலரில் என்றால் மொத்த டொமைனும் போச்சு. சர்வர் ஸ்டாண்டர்ட் உரிமம் ஒன்றுக்கு இரண்டு விர்ச்சுவல் மிஷின் ஓட்டலாம். ஒன்றில் கன்ட்ரோலர், அதில் ஸ்பூலர் சேவையை 'டிசேபிள்டு' ஆக்குங்கள். மற்றதில் பிரிண்ட் சர்வர்.

பிரிண்ட் சர்வரில் பாயின்ட் அண்ட் பிரிண்ட் (சர்வரிலிருந்து டிரைவர் தானாக இறங்கும் வசதி) கட்டுப்பாட்டைத் தளர்த்தாதீர்கள். 2021 ஆகஸ்ட் அப்டேட்டுக்குப் பிறகு டிரைவர் நிறுவ அட்மின் உரிமை கட்டாயம். "பிரிண்டர் சேர மாட்டேங்குது" என்று யாராவது சொன்னதும் அந்தக் கட்டுப்பாட்டுக்கான ரெஜிஸ்ட்ரி மதிப்பை 0 ஆக்கச் சொல்லும் யோசனை இணையம் முழுக்கக் கிடக்கிறது. அதைச் செய்தால் பழைய ஓட்டையை உங்கள் கையாலேயே திறக்கிறீர்கள். டிரைவரை முன்கூட்டியே எல்லாக் கம்ப்யூட்டரிலும் நிறுவிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

இப்போது பதிவு. ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், பிரிண்ட்சர்வீஸ் என்று இறங்கினால் 'ஆப்பரேஷனல்' இருக்கும். இயல்பாக அது அணைந்தே கிடக்கும். வலது கிளிக், 'எனேபிள் லாக்'. அளவு இயல்பாக 1028 கேபிதான், நிறைந்ததும் பழையதன் மேல் எழுதும். ஒரு அச்சு வேலைக்கு ஒரு வரி என்று நினைக்காதீர்கள். 800, 801, 805, 842, 307 என்ற ஈவென்ட் எண்களில் பல வரி விழும், சம்பள வாரத்தில் அந்த ஒரு எம்பி ஓரிரு நாளைக்குத் தாங்கினால் பெரிது. 256 எம்பியாக்கி, நிறைந்தால் ஆவணப்படுத்து என்ற தெரிவைப் போடுங்கள். ஆவணக் கோப்புகள் குவிந்து டிஸ்க் நிறையாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

முக்கியமான எண் 307. வேலை எண், ஆவணத்தின் பெயர், பயனர், எந்தக் கம்ப்யூட்டர், எந்த பிரிண்டர், போர்ட், பைட் அளவு, பக்க எண்ணிக்கை என்று எட்டு தகவல் அதில் இருக்கும். பலர் வழுக்குவது இங்கேதான்: அந்தப் பக்க எண்ணிக்கையில் பிரதிகள் சேராது. 3 பக்கத்தை 40 பிரதி எடுத்தாலும் 307இல் 3 என்றே இருக்கும். பிரதி எண்ணிக்கை 805இல் இருக்கிறது. வேலை எண்ணை வைத்து இரண்டையும் இணைத்துப் பெருக்குங்கள். வேலை எண் திரும்பத் திரும்ப வரும், அதனால் நேரத்தையும் சேர்த்தே இணைக்க வேண்டும்.

டாட் மேட்ரிக்சுக்கு ராவாகப் போகும் எழுத்தை ஸ்பூலர் பிரித்துப் பார்த்து எண்ணாது. 307இல் பக்கம் 0 என்றோ 1 என்றோ வந்தால் பதறாதீர்கள், பைட் அளவை வைத்து மதிப்பிடலாம். துல்லியம் வேண்டுமென்றால் சம்பள மென்பொருளின் சொந்தப் பதிவுதான் வழி.

கூலிம்லினக்ஸ் | திங்கள், மாலை 5.15

உரிமத்துக்கே இவ்வளவு செலவா? பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் டெபியன் (இலவச லினக்ஸ்), கப்ஸ் (லினக்சின் அச்சுச் சேவை), சாம்பா (விண்டோஸ் கம்ப்யூட்டர்களோடு இணைப்பது) போட்டாலே போதுமே. கப்சில் பேஜ்லாக் இருக்கிறது. கவனிக்க வேண்டியது, பேஜ்லாக்ஃபார்மேட் வரி இயல்பில் காலியாக இருக்கும், காலியாக இருந்தால் பக்கப் பதிவே எழுதப்படாது. பிரிண்டர், பயனர், வேலை எண், நேரம், வந்த கம்ப்யூட்டர், தலைப்பு, தாள் அளவு எல்லாவற்றுக்கும் குறியீடு போட்டு நிரப்பணும். மேக்ஸ்லாக்சைஸ் இயல்பில் 1 எம்பி, அதையும் 0 ஆக்கிவிட்டு சுழற்சியை லாக்ரொட்டேட் என்ற நிரலிடம் விடுங்கள்.

அச்சான கோப்பையே கப்ஸ் ஒரு நாள் வைத்திருக்கும். பாஸ்போர்ட் நகல் சர்வரில் 24 மணி நேரம் தங்கும் என்று அர்த்தம். பிரிசர்வ்ஜாப்ஃபைல்ஸ் 'நோ' என்று போட்டுவிடுங்கள். 2024 செப்டம்பரில் கப்ஸ்-பிரவுஸ்டில் (பிரிண்டர்களைத் தேடிச் சேர்க்கும் சேவை) வந்த ஓட்டை யுடிபி 631 வழியாக நுழைவது. சர்வருக்கு அந்தச் சேவை தேவையே இல்லை, எடுத்துவிடலாம்.

கிள்ளான்_ஸ்பூல் | திங்கள், இரவு 8.10

கூலிம் அண்ணே, ஒன்றை விட்டுவிட்டீர்கள். இயல்பான கப்சில் பயனர் பெயர் என்பது கம்ப்யூட்டர் தானாகச் சொல்லும் பெயர்தான். ஐபிபி கோரிக்கையில் 'துரை' (தோட்ட மேனேஜர்) என்று எழுதி அனுப்பினால் கப்ஸ் 'துரை' என்றே பதிவு செய்யும். கேட்பவர் யார் என்று அது சோதிப்பதில்லை. அந்தப் பதிவை வைத்துக்கொண்டு ஒருவரிடம் விளக்கம் கேட்க முடியாது.

கூலிம்லினக்ஸ் | திங்கள், இரவு 8.45

ஒத்துக்கொள்கிறேன், அதை முதலிலேயே சொல்லியிருக்கணும். ஒவ்வொரு கியூவுக்கும் 'ஆதென்டிகேட்டட்' பாலிசியைப் போட வேண்டும், அல்லது டொமைன் இருப்பதால் அதன் மூலம் ஆளைச் சரிபார்க்கும் கெர்பரோஸ். அதோடு குறியாக்கம் கட்டாயம். சாம்பா வழியாக டொமைன் கணக்கில் வந்தால் இந்தச் சிக்கல் குறைவு. ஆனால் 631ஐயும் திறந்து வைத்தால் பழைய கதைதான்.

ஈப்போநெட் | செவ்வாய், காலை 7.55

லினக்சோ விண்டோசோ, இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லையே: தோட்ட ஆபிசில் எத்தனை பேர் ஒரே லாகின் வைத்து ஓட்டுகிறார்கள்? கண்டக்டர்கள் அறையில் ஒரு கம்ப்யூட்டர், 'ஃபீல்டு' என்று ஒரு கணக்கு, கடவுச்சொல் மானிட்டரில் ஒட்டியிருக்கும். 307இல் 'ஃபீல்டு' என்று நூறு வரி வந்து என்ன பயன்?

ஆளுக்கொரு கணக்கு. ஐந்து நிமிடம் தொடாமல் இருந்தால் ஸ்கிரீன் பூட்டிக்கொள்ளட்டும். "லாக்ஆஃப் செய்ய நேரமில்லை லா" என்பார்கள், அதற்குப் பதில் மிஷினில் பின் எண் கேட்டு அச்சிடும் வசதி. பெரும்பாலான மல்டிஃபங்க்ஷன் டிரைவரில் 'செக்யூர் பிரிண்ட்' இருக்கும், காசு இல்லை. மிஷினுக்கு முன்னால் நின்று பின் போட்டால்தான் தாள் வரும். சம்பளச் சிட்டை தட்டில் கிடந்து ஊரே படிப்பதும் இதனால் நிற்கும்.

கணக்கறை | செவ்வாய், காலை 10.20

நுட்பம் தெரிந்தவர்கள் பேசுகிறீர்கள், கணக்குப் பக்கத்திலிருந்து ஒரு தடை. ஆவணப் பெயரைப் பதிவு செய்யப் போகிறீர்களா? எங்கள் ஆபிஸ்களில் கோப்புக்குப் பெயர் வைப்பது எப்படி என்று தெரியும்தானே. தொழிலாளியின் முழுப் பெயர், பாஸ்போர்ட் எண், பக்கத்திலேயே 'மருத்துவச் சோதனை தோல்வி' என்று. இதெல்லாம் ஈவென்ட் லாகில் வரிசையாக நின்றால், அந்த லாகே ஒரு தனிநபர் தரவுக் கோப்பு ஆகிவிடுகிறது.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, அதாவது 709ஆவது சட்டம், 2013 நவம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. 2024 திருத்தத்துக்குப் பிறகு அதன் கொள்கைகளை மீறினால் உச்ச அபராதம் 3 லட்சத்திலிருந்து 10 லட்சம் ரிங்கிட் ஆகிவிட்டது. 2025 ஜூன் 1 முதல் கசிவை அறிவிப்பதும் கட்டாயம். கணிசமான பாதிப்பு வரக்கூடிய கசிவு என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். வேலைக்காரர்களிடம் முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்கவும் மறக்காதீர்கள்: அச்சு பதிவாகிறது, எதற்காக, யார் பார்ப்பார்கள், எவ்வளவு நாள் வைத்திருப்போம். மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுத வேண்டும், தமிழில் ஒரு பிரதி ஒட்டினால் இன்னும் நல்லது.

கிள்ளான்_ஸ்பூல் | செவ்வாய், காலை 11.00

அக்கா சொல்வதில் பாதி விண்டோசே தீர்த்து வைத்திருக்கிறது. 307இல் ஆவணத்தின் உண்மைப் பெயர் இயல்பில் வராது, 'பிரிண்ட் டாக்குமென்ட்' என்று பொதுவாகத்தான் வரும். பெயர் வேண்டுமென்றால் குரூப் பாலிசியில் கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், பிரிண்டர்ஸ் என்ற இடத்தில் 'அலோ ஜாப் நேம் இன் ஈவென்ட் லாக்ஸ்' என்பதை இயக்க வேண்டும்.

ஆனால் பெயர் இல்லாமல் தணிக்கைக்கு என்ன மதிப்பு? செக்ரோல் வெளியே போய்விட்டது என்றால், அன்று யார் 62 பக்கம் அச்சிட்டார் என்று மட்டும் தெரியும். அது செக்ரோலா, பிள்ளையின் பள்ளிப் பாடமா என்று தெரியாது.

கணக்கறை | செவ்வாய், மதியம் 1.15

62 பக்கம், சம்பள நாளுக்கு முந்தைய மாலை, சம்பளப் பிரிவின் கியூ. இது போதும் தம்பி. மீதியை அந்த ஆளைக் கூப்பிட்டுக் கேட்கலாம். பெயர் வேண்டியது ரகசியத் தாள் போகும் மிஷினுக்கு மட்டும். அது சம்பள அறைக்குள் இருக்கும் ஒன்றே ஒன்று.

ஈப்போநெட் | செவ்வாய், மதியம் 1.40

சிக்கல், அந்தப் பாலிசி சர்வர் முழுக்கப் பொருந்தும், கியூவுக்குக் கியூ பிரிக்க முடியாது. என்றாலும் அக்கா கேட்பதற்கு வழி இருக்கிறது. பெயரைப் பதிவு செய்யுங்கள், ஆனால் மாத அறிக்கை எடுக்கும் ஸ்கிரிப்ட் பெயர்ப் பத்தியை விட்டுவிடட்டும். மூலப் பதிவைத் திறக்க இரண்டு பேர் சேர்ந்தால்தான் முடியும் என்று வையுங்கள், பெரிய கிராணியும் (தலைமை எழுத்தர்) ஹெட் ஆபிஸ் ஆடிட்டரும். எவ்வளவு நாள் வைப்பது என்பதையும் பிரித்துவிடுங்கள்: பெயரோடு உள்ளது 90 நாள், எண்கள் மட்டும் உள்ள சுருக்கம் கணக்குத் தாள்களோடு 7 ஆண்டு. அந்த 90 என் கணக்கு, சட்டத்தில் உள்ள எண் இல்லை. நோக்கம் முடிந்ததும் அழிக்க வேண்டும் என்பதுதான் சட்டம்.

கணக்கறை | செவ்வாய், மதியம் 1.58

இது சரி. கோப்புக்குப் பெயர் வைக்கும் பழக்கத்தையும் மாற்றச் சொல்லுங்கள். தொழிலாளி எண் மட்டும் போதும்.

பந்திங்வயர் | செவ்வாய், மாலை 4.30

காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் பற்றி யாரும் பேசவில்லை. பேப்பர்கட் போன்றது வாங்கினால் பிரதி, இரட்டைப் பக்கம், நிறம் எல்லாம் அதுவே சரியாக எண்ணிவிடும், மிஷினில் அட்டை தட்டி எடுக்கவும் முடியும். 14 கம்ப்யூட்டருக்கு அது அதிகம் என்பது என் எண்ணம். வாங்கினால் இதை நினைவில் வையுங்கள்: 2023இல் சிவிஇ-2023-27350 என்று ஒரு ஓட்டை, கடவுச்சொல்லே இல்லாமல் அதன் அட்மின் பக்கத்துக்குள் நுழைந்து சர்வரில் கட்டளை ஓட்டலாம். தீவிரம் 10க்கு 9.8. திருத்தம் மார்ச்சிலேயே வந்துவிட்டது, 20.1.7, 21.2.11, 22.0.9 பதிப்புகளில். ஏப்ரலில் தாக்குதல் தொடங்கியபோது அடி வாங்கியவர்கள், திருத்தம் போடாமல் 9191 போர்ட்டை இன்டர்நெட்டுக்குத் திறந்து வைத்தவர்கள். ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும்) கும்பல்களும் அதே வழியில் நுழைந்தன.

9191, 9192, 9193 போர்ட்களை ஆபிஸ் உள்ளுக்குள் மட்டும் வையுங்கள். அட்மின் பக்கத்தை உங்கள் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து மட்டும் திறக்க வையுங்கள். அதன் பேக்கப் ஜிப் கோப்பு நிரல் இருக்கும் ஃபோல்டருக்குள்ளேயே விழும். அந்த டிஸ்க் போனால் பேக்கப்பும் போச்சு, வேறு இடத்துக்கு நகல் எடுக்க ஏற்பாடு செய்யணும்.

வெண்டருக்கு ரவுட்டரில் போர்ட் திறந்து கொடுக்காதீர்கள். விபிஎன் (குறியாக்கம் செய்த தொலை இணைப்பு) கணக்கு ஒன்று, வேலை இருக்கும் நாளில் மட்டும் இயக்கி, முடிந்ததும் நிறுத்துங்கள். எப்போதும் ஓடும் ரிமோட் மென்பொருளை சர்வரில் விட்டுப் போக அனுமதிக்கவே கூடாது. டொமைனின் 'பிரிண்ட் ஆப்பரேட்டர்ஸ்' குழுவில் வெண்டரைச் சேர்ப்பது நல்ல யோசனை மாதிரித் தெரியும். அந்தக் குழு டொமைன் கன்ட்ரோலரில் உள்நுழையவும் டிரைவர் ஏற்றவும் முடியும், அது காலியாகவே கிடக்கட்டும். கியூவின் செக்யூரிட்டி தாவலில் 'மேனேஜ் டாக்குமென்ட்ஸ்' மட்டும் கொடுத்தால் சிக்கிய வேலையை நீக்க அவருக்குப் போதும்.

கிள்ளான்_ஸ்பூல் | செவ்வாய், இரவு 9.20

தலைப்பில் உள்ள கேள்விக்கு வருகிறேன். பிரிண்ட் சர்வரின் அட்மின் யாராக இருந்தாலும் அதிலுள்ள லாகை இரண்டே கிளிக்கில் அழிக்கலாம். அதைத் தடுக்க முடியாது. அழிப்பதற்கு முன் நகல் வேறு இடத்துக்குப் போய்விட வேண்டும், அழித்தார் என்பதும் அங்கே தெரிய வேண்டும்.

விண்டோஸ் ஈவென்ட் ஃபார்வேர்டிங் (பதிவை வேறு சர்வருக்கு அனுப்பும் வசதி) இதற்குப் போதும், தனிக் காசு இல்லை. ஹெட் ஆபிசில் ஒரு கலெக்டர் சர்வர், அதன் அட்மின் வேறு ஆள், கடவுச்சொல் தோட்டத்தில் யாருக்கும் தெரியாது. விபிஎன் வழியாக போர்ட் 5985. ஒரே டொமைன் என்றால் கெர்பரோஸ் குறியாக்கம் செய்துவிடும். சப்ஸ்கிரிப்ஷன் 'சோர்ஸ் இனிஷியேட்டட்' (பிரிண்ட் சர்வரே தொடர்பு கொள்ளும் முறை) ஆக இருக்கட்டும். வேகத்தை இயல்பில் விட்டால் ஐந்து வரி சேரணும் அல்லது 15 நிமிடம் ஆகணும், அதுவரை பதிவு இங்கேயே நிற்கும். 'மினிமைஸ் லேட்டன்சி' வைத்தால் 30 விநாடி. பதிவு போய்ச் சேரவில்லை என்றால் பிரிண்ட் சர்வரின் 'ஈவென்ட் லாக் ரீடர்ஸ்' குழுவில் 'நெட்வொர்க் சர்வீஸ்' கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். முக்கால்வாசி அங்கேதான் நிற்கும்.

அனுப்ப வேண்டியவை: பிரிண்ட்சர்வீசிலிருந்து 307, 805. சிஸ்டம் லாகிலிருந்து 104, ஒரு லாக் அழிக்கப்பட்டதைச் சொல்வது அதுதான். செக்யூரிட்டி லாகிலிருந்து 1102, அந்த லாகே அழிக்கப்பட்டதைச் சொல்வது. ஆப்பரேஷனல் லாகை அழிக்காமல் சத்தமில்லாமல் அணைத்துவிட்டால்? அதற்கு எளிய வழி, வேலை நாளில் காலை 9 முதல் 12 வரை ஒரு 307 கூட வரவில்லை என்றால் கலெக்டர் பக்கம் மின்னஞ்சல் போகட்டும். தோட்ட ஆபிசில் மூன்று மணி நேரம் தாள் ஓடாத நாள் கிடையாது.

ஸ்பூல் ஃபோல்டரில் அச்சாகக் காத்திருக்கும் கோப்பு முழுதாக இருக்கும். கியூ பண்புகளில் 'கீப் பிரிண்டட் டாக்குமென்ட்ஸ்' டிக் போட்டிருந்தால் அச்சான பிறகும் இருக்கும். எல்லாக் கியூவிலும் அதை எடுத்துவிடுங்கள், டிஸ்குக்கு பிட்லாக்கர் (டிஸ்க் குறியாக்கம்) போடுங்கள். பெட்டியையே தூக்கிக்கொண்டு போகிற திருடனும் உண்டு.

நேரம் தப்பினால் எல்லாம் தப்பும். சர்வரும் பிரிண்டரும் டொமைன் கன்ட்ரோலரிடம் நேரம் வாங்கட்டும். மிஷினில் நேர மண்டலம் கூட்டல் 8 என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈப்போநெட் | புதன், காலை 8.15

வாரம் ஒருமுறை மிஷினின் பக்க மீட்டரை லாகோடு ஒத்துப் பாருங்கள். எஸ்என்எம்பியில் 1.3.6.1.2.1.43.10.2.1.4.1.1 என்ற இடத்தில் மொத்த எண் இருக்கும். அது மொத்தம்தான், நகல், ஃபேக்ஸ் எல்லாம் சேர்ந்தது. பிரிண்ட் எண் தனியாக வேண்டும் என்றால் வெப் பக்கத்தின் மீட்டர் பகுதியில் பாருங்கள். மீட்டருக்கும் லாகுக்கும் உள்ள இடைவெளிதான் சர்வரைத் தாண்டிப் போன தாள்.

செம்பனைக்கிராணி | அடுத்த திங்கள், காலை 11.10

புது விர்ச்சுவல் மிஷினில் கியூ மாற்றி ஒரு வாரம் ஓட்டினோம். விலேன் விதி இன்னும் போடவில்லை, முதலில் எண்ணிப் பார்ப்போம் என்று. ஏ3 மிஷினின் கணக்கு:

மொத்த மீட்டர் 184,310இலிருந்து 186,742. வித்தியாசம் 2,432. அதில் நகல் 760, ஃபேக்ஸும் மிஷினின் சொந்த அறிக்கைகளும் 17, பிரிண்ட் 1,655. 307ஐயும் 805ஐயும் இணைத்துக் கூட்டினால் 1,498. இடைவெளி 157.

கிள்ளான்_ஸ்பூல் | அடுத்த திங்கள், காலை 11.35

ஏ3 தாளை உங்கள் மிஷின் இரண்டாக எண்ணுகிறதா பாருங்கள். பல மிஷின் அப்படித்தான். பிளாக் மேப் (தோட்டப் பிரிவு வரைபடம்) எத்தனை போட்டீர்கள்?

செம்பனைக்கிராணி | அடுத்த திங்கள், மதியம் 12.20

ஏ3இல் 38 பக்கம். மீட்டர் பகுதியில் 'லார்ஜ்' என்று இரட்டையாகத்தான் எண்ணியிருக்கிறது. மீதி 119.

ஈப்போநெட் | அடுத்த திங்கள், மதியம் 12.45

119ஐத் தேடி அலைய வேண்டாம். விலேன் விதியைப் போடுங்கள், சொந்தக்காரர் தானாக வருவார்.

செம்பனைக்கிராணி | அடுத்த செவ்வாய், மாலை 3.30

போட்டோம் அண்ணே. முக்கால் மணி நேரத்தில் கண்டக்டர் அறையிலிருந்து போன், "பிரிண்டர் கெட்டுப்போச்சு". லேப்டாப்பைப் பார்த்தால் கியூவின் போர்ட் டபிள்யூஎஸ்டி. விண்டோஸ் தானாகச் சேர்த்தது, அவருக்கே தெரியாது. நீக்கிவிட்டு சர்வர் கியூவைச் சேர்த்தாச்சு. மிஷினின் வெப் பக்கத்திலும் டபிள்யூஎஸ்டி நிறுத்தியாச்சு, முதலில் நீங்கள் சொன்னபோது அந்த ஒன்றை விட்டிருந்தோம்.

ஆனால் இப்போது சர்வரில் மூன்று மிஷினும் 'ஆஃப்லைன்' என்று காட்டுகிறது. ஆனாலும் சோதனைப் பக்கம் அச்சாகிறது.

பந்திங்வயர் | அடுத்த செவ்வாய், மாலை 3.50

எஸ்என்எம்பியில் 'பப்ளிக்' பெயரை மாற்றினீர்கள் இல்லையா, விண்டோஸ் இன்னும் பழைய பெயரில் கூப்பிட்டுப் பதில் வராமல் ஆஃப்லைன் என்கிறது. பிரிண்டர் பண்புகள், போர்ட்ஸ், 'கான்ஃபிகர் போர்ட்' போய் 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்டு' டிக்கை எடுங்கள், அல்லது புதுப் பெயரை அதே இடத்தில் எழுதுங்கள். மிஷினில் பதிப்பு 3 மட்டும் வைத்திருந்தால் டிக்கை எடுப்பதுதான் வழி.

செம்பனைக்கிராணி | அடுத்த செவ்வாய், மாலை 4.05

மூன்றும் 'ரெடி'. அடுத்த திங்கள் மீட்டரை மறுபடியும் எடுத்துப் போடுகிறேன்.